விதைநெற் காவல்

மருதத்திணைக்கு உரிப்பொருள் ஊடல் என்று வகுத்தனர் நம் முன்னோர். ஆதலால் வயல் சூழ்ந்த ஊரின் தலைவி, தலைவனோடு பிணங்கி நிற்பவளாகவே நம் மாணாக்கருக்குப் பெரிதும் அறிமுகமாகின்றாள். அதனைக் கற்பிக்குந்தோறும் என் தாயாரின் நினைவு வரும். ஊடுவதற்கு அவருக்குப் பொழுது இருந்ததாக நான் அறியேன்.

அவர் பிறந்தது மன்னார்த் தீவில். மணலும் பனையும் கடலுமே அங்குள்ள செல்வம், நெல்வயல் அரிது. வாழ்க்கைப்பட்டதோ பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள ஓர் ஊரில். அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் அணையால் மறித்து, வாய்க்கால் வழியே அக்குளத்தை நிரப்பும் பண்டை ஏற்பாட்டைத் தாதுசேனனோடும் பராக்கிரமபாகுவோடும் சேர்த்துப் பேசுவர் வரலாற்றாசிரியர். பிற்காலத்தில் ஆங்கிலேயர் அதனைத் திருத்தினர். கட்டியவர் பெயரும் திருத்தியவர் பெயரும் ஏடுகளில் நின்றன. அந்நீரைச் சோறாக்கிய பெண்களின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

சோறாக்குதல் அடுப்பு வேலை மட்டுமன்று. மாரி மழையோடு காலபோகம் விதைத்தபின் களைபிடுங்கல், அரிவி வெட்டு முடிந்து சூடடித்தபின் காற்றுப் பார்த்துச் சுளகினால் தூற்றல், பிறகு நெல்லவித்தல். அவித்த நெல் வெயிலில் விரைந்து காய்ந்தால் அரிசி நொறுங்கும். ஈரம் நின்றாலோ மணங்கெடும். தாயார் பாயில் விரித்த நெல்லைக் காலால் அளைந்து, ஒரு மணியைப் பல்லிடை வைத்துக் கடித்துப் பதம் சொல்லுவார். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.

நெல் வீடுவந்ததும் முதலில் ஒதுக்குவது விதைநெல்லையே. நன்கு உலர்த்தி, வேப்பிலையிட்டுச் சாக்கிற் கட்டுவார். அரிசி குறைந்த மாதங்களிலும் அக்கட்டு அவிழாது. ஒருமுறை கடனடைக்க வேண்டித் தந்தையார் கேட்டபோதும் அவர் கொடுத்திலர். (எங்கள் வீட்டு மருதத்தில் நிகழ்ந்த ஊடல் அஃது ஒன்றே.)

2008ஆம் ஆண்டில் அடம்பன், விடத்தல்தீவுப் பக்கம் போர் நெருங்க, ஊர் கிழக்கே வன்னிக்குள் பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் பாயும் பாத்திரமும் ஏறுமுன் இரண்டு சாக்கு விதைநெல் ஏறிற்று. ஓரிடத்தினின்று மற்றோரிடம் ஓடிய மாதங்களிலும் அவர் அதனை விட்டாரில்லை. இறுதியில், பேரப்பிள்ளைகளின் பசி பொறாது, அக்கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்து, நெல்லை உரலிலிட்டார் என்று தங்கை சொன்னாள். அன்று அவர் உண்ணவில்லையாம்.

மீள்குடியேறியபோது தந்தையார் இல்லை. வயலோ அரசின் அனுமதிப்பத்திரக் காணி; பத்திரத்தில் இருந்தது அவர் பெயர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கைம்பெண் தன் வாழ்நாள்வரை அதனை அனுபவிக்கலாம்; மறுமணம் செய்யின் அவ்வுரிமையும் போகும். பின்னுரித்தாளி பெயர் குறிக்கப்படாவிடின் புதல்வியருக்கு முன் புதல்வரே நிற்பர். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அவ்வேறுபாட்டை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள்! தாயார் அதற்கு முன்னரே காலமானார். காணி தமையனார் பெயருக்கு மாறிற்று.

அங்கே இன்றும் காலபோகம் விதைக்கப்படுகிறது. ஒவ்வோராண்டும் விதைநெற் சாக்கைக் கட்டுபவள் தங்கை.