காசோலையும் அதன் பயணமும்

புதுக்கருவியை வாங்குதல் வேறு. அக்கருவிக்கேற்பத் தொழின்முறையை மாற்றிக்கொள்ளுதல் வேறு. முன்னது பொருளாற் கைகூடும். பின்னதோ சட்டம், பொறுப்பு, பழக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே திருத்தினாலன்றிக் கைகூடாது. இவ்வுண்மையை நம் நாட்டுக் காசோலைத் தீர்வகத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

உப்புவெளியில் மீன் வாணிகஞ் செய்வார் ஒருவர், கொழும்பு வங்கிக்கிளை ஒன்றின்மேல் எழுதப்பட்ட காசோலையைப் பெற்றார் எனக் கொள்வோம். அதனைத் தம் கணக்கில் இட்டவுடனே பணம் அவரை வந்தடைவதில்லை. அவருடைய வங்கி அதனைப் பணஞ் செலுத்தும் வங்கியின்முன் வைத்தல் வேண்டும். அவ்வங்கி கையொப்பத்தையும் கணக்கின் இருப்பையும் நோக்கி இசைதல் வேண்டும். இவ்வாறு வங்கிகள் தம்முட் கொடுக்கவும் கொள்ளவும் வேண்டிய தொகைகளைக் கழித்து, எஞ்சும் வேறுபாட்டை மாத்திரம் தீர்த்துக்கொள்ளுமிடமே தீர்வகம்.

1988ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி இப்பணியைக் கணினிமயமாக்கியது. காசோலையின் அடியிற் காந்த மையினால் அச்சிடப்பட்ட எண்களைப் பொறி படித்து, வகைப்படுத்திக் கணக்கிட்டது. எழுதுவினைஞரின் கைவேலை குறைந்தது. ஆயினும் தாளின் பயணம் நிற்கவில்லை. திருகோணமலையில் இட்ட காசோலை சுமார் 260 கிலோமீற்றர் கடந்து கொழும்பை அடைதல் வேண்டும்; மறுக்கப்படின் அவ்வழியே மீளவும் வேண்டும். கணினி விரைந்தது, காசோலை விரைந்திலது. வணிகர் காத்திருந்தார், படகுக்காரருக்கும் பனிக்கட்டி விற்போருக்கும் அவர் கொடுக்கவேண்டிய கடனோ காத்திராது.

2006ஆம் ஆண்டு மே மாதத்திலே நிலைமை மாறிற்று. 2002 முதல் தீர்வகப் பணியை ஏற்றிருந்த லங்கா கிளியர் நிறுவனம், தாளை அனுப்பாது அதன் படிமத்தை அனுப்பும் முறையைத் தொடங்கியது. தென்னாசியாவில் இம்முறையை முதன்முதல் மேற்கொண்ட நாடு இலங்கையே. காசோலை அதனைப் பெற்ற வங்கியிடமே தங்குகின்றது. அதன் படிமமும் விவரங்களும் மின்வழிச் செல்கின்றன. நாட்டின் எப்பகுதியில் இட்டதாயினும் பொதுவாக அடுத்த வேலைநாளிலே தீர்வு கிட்டுகின்றது.

இம்மாற்றத்தைக் கருவி மாத்திரம் தந்ததென்று கொள்ளலாகாது. காசோலையை மின்முறையில் முன்வைத்தலுக்கு, 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் முன்னரே இடமளித்திருந்தது. பொறுப்பும் கைமாறிற்று. பணஞ் செலுத்தும் வங்கி தாளைத் தொட்டுப் பார்த்தல் இயலாதாகவே, அதில் நேர்ந்த திருத்தம், அழிப்பு முதலியவற்றைக் கண்டறியுங் கடமை தாளைக் கையில் வைத்திருக்கும் வங்கியைப் பெரிதுஞ் சார்ந்தது.

ஆகவே, 1988இன் கணினி பழைய பணியை விரைவாகச் செய்தது. 2006இன் முறையோ அப்பணியில் ஒரு பகுதியையே வேண்டாததாக்கிற்று. கல்லூரி அலுவலகமாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும் இலக்கமுறைத் தொழினுட்பத்தை ஏற்குமுன் வினவத்தக்கவை இரண்டு: எது இனி வேண்டியதில்லை? அதனை விட்டபின் பொறுப்பு யாரைச் சாரும்? கணினியிற் பதிந்த வரவையே மீண்டும் இடாப்பில் எழுதி, இரண்டையும் ஒப்புநோக்கிக் காலங்கழிக்கும் அலுவலகம் கருவியைப் பெற்றதேயன்றி மாற்றத்தைப் பெறவில்லை. காத்திருப்போரின் நாள்கள் குறைந்தனவா என்பதே இதற்குத் தக்க அளவுகோலாகும்.