மொட்டைமாடிக்கு இழுத்த வயர்

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வேண்டும். வாசலில் போர் மோட்டாருக்கு ஓர் இணைப்பு வேண்டும். கல்யாணம், பொங்கல் என்றால் கைப்பிடிச் சுவரில் சீரியல் செட் போட வேண்டும். வீடு கட்டும்போது இதற்கெல்லாம் பாயின்ட் வைத்திருக்க மாட்டோம். அதனால் அறைக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து ஒரு வயரை எடுத்து, ஜன்னல் கம்பிக்குள் நுழைத்து, துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுபோகிறோம். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று போட்ட அந்த வயர், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. அறுந்து விழும் மின்கம்பி மட்டும் இதற்குக் காரணமில்லை. வீட்டில் நாமே இழுத்துக் கட்டிய வயரும் காரணம்.

வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர் வெயிலையே பார்ப்பதில்லை. அதன் மேலுறை பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். சில கோடைகள் போனால் உறை வெளுத்து, விறைத்து, வளையும் இடங்களில் வெடிக்கும். வயரின் மேல் 1100 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, "நல்ல வயர்தான்" என்று நினைக்கிறோம். அந்த எண் மின்னழுத்தத்துக்கு மட்டும்தான். வெயிலை எத்தனை காலம் தாங்கும் என்பதை அது சொல்வதில்லை. வயர் காற்றில் ஆடி ஜன்னல் கம்பியிலும் தகரக் கூரையின் விளிம்பிலும் உரசும் இடத்தில் உறை இன்னும் சீக்கிரம் தேயும். செம்பு தகரத்தைத் தொட்டால் கூரை முழுவதிலும் கரண்ட் வந்துவிடும்.

வயரில் போட்ட ஜாயின்ட்தான் எல்லாவற்றிலும் மோசமான இடம். இரண்டு நுனிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விடுகிறார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிரிகிறது, மழைநீர் உள்ளே போகிறது. மோட்டார் கிளம்பும் நேரத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போதெல்லாம் முறுக்கிய இடம் சூடாகி, ஆறி, தளர்ந்துகொண்டே வரும். தளர்ந்த ஜாயின்ட் இன்னும் அதிகமாகச் சூடாகும்.

உடம்பில் எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் ஆபத்து? ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் கைத்தசை இறுகிப்போய், பிடித்ததை விட முடியாது. முப்பதுக்கு மேல் நீடித்தால் மூச்சும் இதயத்துடிப்பும் தடுமாறும். ஈரக் கையோடு, வெறுங்காலில், நனைந்த தளத்தில் நிற்பவரின் உடம்பில் 230 வோல்ட் பட்டால் இதைப்போல ஐந்தாறு மடங்கு பாயக்கூடும்.

"எம்சிபி இருக்கிறதே, விழுந்துவிடாதா?" என்று கேட்பார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். வயர் எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. மனிதரைக் காப்பதற்கு ஆர்சிசிபி என்ற வேறொரு கருவி இருக்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ எங்கோ கசிகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது.

மழைக்காலத்தில் இந்த ஆர்சிசிபி அடிக்கடி விழும். உடனே "தொல்லை பண்ணுகிறது" என்று அதைக் கழற்றி, நேராக இணைத்துவிடச் சொல்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழை பெய்யும்போது விழுகிறது என்றால், வெளியே எங்கோ ஒரு வயர் நனைந்து கசிகிறது. மாடிக்கும் வாசலுக்கும் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம், நியூட்ரல் போன இடத்தில் எர்த் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ நியூட்ரலாக வைத்து விளக்கெரிப்பது. விளக்கு எரியும். கூடவே அந்தக் குழாயிலும் அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் மின்சாரம் பரவும். அங்கே கைகழுவப் போகும் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அவசர இணைப்புகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிடுவதும் உண்டு. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பியிலோ, அது கட்டியிருக்கும் குழாயிலோ கொடிக்கம்பியைக் கட்டவே கூடாது. வயர் தேய்ந்தால் முதலில் கரண்ட் வருவது அந்தக் கம்பிக்குத்தான். ஈரத்துணி காயப்போடுகிறவர் அதற்கு அடுத்தபடி. துணி காய நைலான் கயிறு போதும்.

வெளியே மின்சாரம் வேண்டுமென்றால், மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி போட்டு, பைப்புக்குள் மூன்று கம்பி வயராக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். மூன்றாவது எர்த். மோட்டாரின் இரும்பு உடலில் அது இணைந்திருந்தால், கசிவு ஏற்பட்டவுடனே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழும். வெளிச்சுவரில் மூடி உள்ள, தண்ணீர் புகாத பிளக் பெட்டியைப் பொருத்துங்கள். வயர் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக் கூடாது. சற்றுக் கீழே வளைத்து அடிப்பக்கமாக ஏற்றினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். பழைய வயரை அப்படியே விட்டுவிடாமல் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

யாரையாவது ஷாக் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108. கம்பத்து வயரிலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்சிசிபி இருந்தால், அதில் 'டி' என்று எழுதிய சிறிய பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆர்சிசிபியே இல்லையென்றால், வேறு எதற்கும் முன்னால் அதைப் பொருத்துங்கள்.