அனலில் தளராத உலோகங்கள்

செக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பு எளிதில் வளைவதைக் கொல்லன் உலைக்களத்தில் யாவரும் கண்டிருப்போம். உஷ்ணம் மிகுந்தால் உலோகத்தின் அணு அடுக்குகள் எளிதில் வழுக்குகின்றன. பருமனில் வேறுபட்ட அணுக்களைக் கலந்தால் இவ்வழுக்கல் தடைப்படும். நியோபியத்துடன் 10 சதவீதம் ஹாஃப்னியமும் 1 சதவீதம் டைட்டேனியமும் சேர்ப்பது இதன்பொருட்டே.

திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின்களில், வாயு சீறி வெளிப்படும் விரிகுழல் இக்கலவையால் செய்யப்பட்டது. ஆனால் அது இறக்குமதிச் சரக்கு. மேலும், காய்ந்த நியோபியத்தைப் பிராணவாயு அரித்துவிடும். எனவே கோபால்ட், குரோமியம், நிக்கல், டங்ஸ்டன், இரும்பு சேர்ந்த ஸ்டெல்லைட் ஆராயப்பட்டது. உருகுநிலையில் இது நியோபியத்துக்கு ஈடன்று. எனினும் 1,150 டிகிரி வரை வலுக்குன்றாது. 2025 ஏப்ரல் 8 அன்று மகேந்திரகிரியில் நிகழ்ந்த மூன்றாம் சோதனையில், எஞ்சின் 665 விநாடி எரிந்தும் விரிகுழல் கேடுறவில்லை. செலவு 90 சதவீதம் குறையுமென மதிப்பிட்டுள்ளனர்.