மாரியோ மிராண்டா

மாரியோ மிராண்டா (மே 2, 1926 – டிசம்பர் 11, 2011) இந்தியாவின் கோவா மாநிலத்தைச் சேர்ந்த புகழ் பெற்ற கேலிச்சித்திர ஓவியர் ஆவார். இவரது முழுப்பெயர் மாரியோ ஜோவோ கார்லோஸ் டோ ரோசாரியோ டி பிரிட்டோ மிராண்டா என்பதாகும். எனினும் தம் படங்களில் 'மாரியோ' என்று மட்டுமே கையொப்பமிட்டார். வாசகர்களும் அப்பெயராலேயே இவரை அறிந்தனர். மும்பையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ்களில் பல்லாண்டுகள் வரைந்த இவர், கோவாவின் ஊர் வாழ்க்கையைக் கோட்டோவியங்களாகப் பதிவு செய்தமைக்காகப் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஓவியக் கல்லூரி எதிலும் இவர் பயின்றதில்லை.

பிறப்பும் இளமையும்

மாரியோ அப்போது போர்த்துக்கேய ஆட்சியின் கீழ் இருந்த தாமனில், கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தின் வீடு தெற்குக் கோவாவில் மட்காவ் நகருக்கு அருகேயுள்ள லோட்டோலிம் என்னும் ஊரில் உள்ளது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பழைமையான பெரிய மாளிகை அது. போர்த்துக்கேய மொழி பேசப்பட்ட அவ்வீட்டுச் சுவர்களில் சிறுவன் மாரியோ கரியாலும் பென்சிலாலும் கிறுக்கத் தொடங்கினார். சுவர்களைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயத்தில் அவரது தாயார் எழுதப்படாத ஏடு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்த ஏடு நாட்குறிப்பாக மாறியது. மற்றவர்கள் நாட்குறிப்பில் எழுதுவார்கள், மாரியோ வரைந்தார்.

பள்ளிப் படிப்பு பெங்களூரின் புனித யோசேப்பு ஆண்கள் பள்ளியில் அமைந்தது. பாதிரியார்களைக் கேலியாக வரைந்து தண்டனைக்கு உள்ளானதும், நண்பர்களுக்கு அஞ்சலட்டைகளில் படம் வரைந்து கொடுத்துச் சிறு தொகை பெற்றதும் இக்காலத்தில்தான். கேலி என்பது வம்பையும் தரும், வருவாயையும் தரும் என்ற இரு பாடங்களையும் இவ்வாறு பள்ளியிலேயே கற்றுக்கொண்டார் எனலாம். பின்னர் பம்பாய் (இன்றைய மும்பை) புனித சவேரியார் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றார். பெற்றோர் விருப்பத்திற்கிணங்கக் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தாலும் விரைவில் அதில் ஆர்வம் இழந்து விலகினார். இருப்பினும் இவரது படங்களில் வரும் வீடுகளின் ஓட்டுக் கூரைகளையும் சாளரங்களையும் படிக்கட்டுகளையும் பார்ப்பவருக்கு, கட்டடங்களின் மீதான ஈடுபாடு ஒருபோதும் விலகவில்லை என்பது விளங்கும்.

படநாட்குறிப்புகள்

மாரியோவின் கலையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியவை இந்த நாட்குறிப்புகளே. 1949, 1950, 1951 ஆம் ஆண்டுகளின் குறிப்புகள் பிற்காலத்தில் நூல்களாக வெளியிடப்பட்டன. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கம் நிறையப் படம். ஓரத்தில் கையெழுத்தில் ஓரிரு வரிகள். தேவாலயத் திருவிழா, திருமண விருந்து, நடன இரவு, பேருந்தில் இடித்துக்கொண்டு செல்லும் பயணம், வீட்டிற்கு வந்த உறவினரின் மூக்கு என்று அன்றன்று கண்டவை எல்லாம் அவற்றில் இடம்பெற்றன.

அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில். இப்படங்களை அவர் எந்த இதழுக்காகவும் வரையவில்லை. இது ஒரு முக்கியமான செய்தி. இதழுக்கு வரைபவர் நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை முதலில் தேடுவார். பிறகு அதற்கேற்ற படத்தை அமைப்பார். நாட்குறிப்பில் வரைபவருக்குத் துணுக்குத் தேவையில்லை. பார்த்ததை மறவாதிருந்தால் போதும். மாரியோவின் பிற்காலப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை வாசகமே இல்லாதிருப்பதற்கும், படத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஏதாவது நடந்துகொண்டிருப்பதற்கும் இப்பழக்கமே காரணம் என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இதழ்ப் பணி

விளம்பர நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே மாரியோ முழுநேரக் கேலிச்சித்திர ஓவியரானார். 'தி இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' இதழ் இவரது சில படங்களை வெளியிட்டது. அவற்றைக் கண்டு 'கரண்ட்' என்னும் வார இதழ் வேலைக்கு அழைத்தது. முதலில் இவரை ஏற்க மறுத்த 'தி டைம்ஸ் ஆஃப் இந்தியா' குழுமம் பின்னர் இடமளித்தது. அக்குழுமத்தின் 'ஃபெமினா', 'எக்கனாமிக் டைம்ஸ்', 'வீக்லி' ஆகியவற்றில் இவரது படங்கள் தொடர்ந்து வெளிவந்தன.

இடையே லிஸ்பனில் உள்ள கலூஸ்ட் குல்பெங்கியன் அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்றுப் போர்த்துக்கலில் ஓராண்டு தங்கினார். அங்கிருந்து இலண்டன் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆங்கிலேயக் கேலிச்சித்திர ஓவியர் ரொனால்டு சேர்லின் தாக்கம் இவரிடம் உண்டு. ஒல்லிக் கால்கள், கூரிய மூக்குகள், நடுங்குவது போன்ற மெல்லிய கோடு ஆகியவற்றில் இத்தாக்கத்தைக் காணலாம். ஆனால் சேர்லிடம் உள்ள கொடூரமான கிண்டல் மாரியோவிடம் இல்லை.

நாடு திரும்பிய மாரியோ மீண்டும் பம்பாயில் பணியைத் தொடர்ந்தார். 1963 இல் ஹபீபா ஹைதரி என்பவரை மணந்தார். 1974 இல் அமெரிக்கத் தகவல் சேவையின் அழைப்பின் பேரில் அந்நாட்டில் சுற்றுப்பயணம் செய்து, 'பீனட்ஸ்' தொடரைப் படைத்த சார்லஸ் சூல்சையும், 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் புகழ் பெற்ற கருத்துப்பட ஓவியர் ஹெர்பர்ட் பிளாக்கையும் சந்தித்தார்.

அரசியல் அல்லாத கேலி

தமிழில் 'கார்ட்டூன்' என்ற சொல்லால் பல வகைப் படங்களையும் குறிக்கிறோம். நாளிதழில் அன்றைய அரசியலைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்வது கருத்துப்படம். ஒருவரின் முக, உடல் கூறுகளை மிகைப்படுத்தி வரைவது கேலி உருவப்படம். சமூக வழக்கங்களை எள்ளி நகையாடுவது கேலிச்சித்திரம். மாரியோ முதல் வகையில் நாட்டம் கொள்ளவில்லை. அதே குழுமத்தில் ஆர். கே. லட்சுமண் 1951 முதல் தம் 'பொது மனிதன்' வழியாக ஆட்சியாளர்களை நாள்தோறும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். லட்சுமணின் படத்திற்கு அன்றைய செய்தி தேவை. மாரியோவின் படத்திற்குத் தெரு தேவை.

இதனால் மாரியோவை லட்சுமணுக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுவோர் உண்டு. ஆட்சியை எதிர்க்காத கேலி பல்லில்லாத கேலி என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. மாரியோவின் பாத்திரங்களில் ஊழல் அமைச்சர் பண்டல்தாசும் அவரது அடிப்பொடி மூன்சாமியும் உண்டு என்றாலும், அவர்கள் எந்த ஓர் அரசையும் சுட்டுபவர்கள் அல்லர். (மூன்சாமி என்பது நம் முனுசாமி மும்பையில் அடைந்த உருவம் எனக் கொள்ளலாம்.) திரைநடிகை நிம்புபாணி, அலுவலகச் செயலாளர் ஃபொன்சேகா, அவரது முதலாளி ஆகியோர் மற்ற புகழ் பெற்ற பாத்திரங்கள். இவர்களுள் ஃபொன்சேகா போன்ற பெண் பாத்திரங்களின் உடலமைப்பை மிகைப்படுத்திச் சிரிப்பூட்டும் முறை இன்றைய வாசகருக்கு உவப்பாக இராது. அலுவலக நகைச்சுவையே மாரியோவின் பணியில் மிக விரைவில் பழையதாகிப் போன பகுதி என்று கூறலாம்.

ஆனால் செய்தியைச் சாராத கேலிக்கு வேறொரு பலன் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கருத்துப்படத்தைப் புரிந்துகொள்ள அன்றைய செய்தித்தாளும் உடன் தேவைப்படும். மாரியோ வரைந்த மதுக்கடையையோ மீன் சந்தையையோ புரிந்துகொள்ள எதுவும் தேவையில்லை.

வரையும் முறை

பேனாவும் கறுப்பு மையுமே மாரியோவின் முதன்மைக் கருவிகள். இதற்கு அழகியல் காரணம் மட்டுமின்றித் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அக்கால நாளிதழ்களில் படங்கள் 'பிளாக்' எனப்பட்ட உலோக அச்சுக்கட்டைகளின் மூலம் அச்சிடப்பட்டன. அச்சுக்கட்டை ஓரிடத்தில் மையைப் பதிக்கும் அல்லது பதிக்காது. இடைப்பட்ட சாம்பல் நிறம் என ஒன்று இல்லை. ஒளிப்படங்களைச் சிறு புள்ளிகளாகப் பிரித்துச் சாம்பல் நிறத் தோற்றத்தை உண்டாக்கலாம் என்றாலும், தரம் குறைந்த செய்தித்தாளில் அப்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் மங்கிவிடும். கோடுகளோ தெளிவாகப் பதியும். எனவே நிழலையும் வண்ண வேறுபாட்டையும் காட்ட விரும்பும் ஓவியர் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் இடவேண்டும். 

மாரியோ இந்தக் கட்டுப்பாட்டையே தம் நடையாக மாற்றிக்கொண்டார். ஒரு பெண்ணின் பூப்போட்ட உடை, அவளுக்குப் பின்னால் உள்ள ஓடுகள், பக்கத்து மரத்தின் இலைகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டு வடிவத்தைப் பெறும். அதனால் வண்ணமே இல்லாமல் ஒன்றை மற்றொன்றிலிருந்து கண் பிரித்தறிகிறது. ஒரே சட்டகத்தில் பெருங்கூட்டத்தை அவரால் குழப்பமின்றி நிறுத்த முடிந்தமைக்கு இதுவே காரணம். கூட்டத்தில் எவரும் வெறும் நிரப்பியாக வருவதில்லை: ஒருவர் சண்டையிடுவார், ஒருவர் தூங்குவார், ஒரு குழந்தை எதையோ திருடும், கீழே ஒரு நாய் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். நாய் இல்லாத மாரியோ தெருவைக் காண்பது அரிது.

கோவாவின் பதிவு

கோவா 1510 முதல் போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்து, 1961 டிசம்பரில் இந்தியாவுடன் இணைந்தது. 1987 மே 30 அன்று தனி மாநிலமானது. மாரியோவின் இளமை முழுவதும் முதல் காலத்திலும், முதிர்ந்த பணி இரண்டாம் காலத்திலும் அமைந்தது. இடையில் அவர் வாழ்ந்தது பம்பாயில். ஊரை விட்டு விலகி இருந்தவர் ஊரை வரைந்தார்; ஆகவே அவரது கோவா ஓரளவு நினைவிலிருந்து வரையப்பட்டது.

வீட்டு முகப்பில் இருபுறமும் திண்ணைகள் கொண்ட 'பல்காவ்' என்னும் தாழ்வாரம் இப்படங்களில் அடிக்கடி வருகிறது. நம் ஊர்த் திண்ணை போலவே அது வம்பு பேசுவதற்கும் தெருவை நோட்டமிடுவதற்கும் ஆன இடம். ரொட்டி விற்கும் 'பொதேர்', கொங்கணி நாடகமான தியாத்தர், மண்டோ பாடல், முந்திரிப் பழத்தில் வடிக்கும் ஃபெனி, திருவிழாவில் குடையுடன் நிற்கும் பாதிரியார் ஆகியோரும் ஆகியவையும் இவரது படங்களில் நிறைந்துள்ளனர். பெருமிதம் குன்றாத, கையில் பணம் குன்றிய பழைய நிலவுடைமைக் குடும்பத்தாரையும் இவர் விட்டுவைக்கவில்லை. இவரும் அவ்வகுப்பைச் சேர்ந்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. சியாம் பெனகல் இயக்கிய 'திரிகால்' (1985) என்னும் இந்தித் திரைப்படம் இத்தகைய ஒரு குடும்பத்தைப் பற்றியது. அது மாரியோவின் லோட்டோலிம் வீட்டிலேயே படமாக்கப்பட்டது.

இன்று கோவா செல்லும் பயணிகள் மாரியோவின் படங்களைக் கோப்பைகளிலும் பைகளிலும் சுவர் ஓடுகளிலும் காண்பர். இதனால் கோவா என்றால் இதுதான் என்ற எண்ணம் பரவியுள்ளது. மாரியோவின் படங்கள் பெரும்பாலும் தெற்குக் கோவாவின் கத்தோலிக்க ஊர்களின் வாழ்க்கையைச் சார்ந்தவை. மாநிலத்தின் மக்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள்; அவர்களது கோயில்களும் விழாக்களும் பயணிகள் வாங்கும் நினைவுப் பொருட்களில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. இது ஓவியரின் குறையன்று. தாம் அறிந்த ஊரை வரைந்தவரின் படத்தை மாநிலத்தின் அடையாளமாக்கியது பிற்கால வணிகம். நாட்குறிப்புப் பக்கங்களை வரிசையாகப் பார்க்கும்போது, இவை ஒரு மனிதரின் ஊரும் உறவும் என்பது தெளிவாகத் தெரியும். கோப்பையில் அது தெரிவதில்லை.

பிற ஆர்வங்கள்

பயணமும் இசையும் மாரியோவின் பெருவிருப்பங்கள். சென்ற நாடுகளை எல்லாம் வரைந்தார்; பாரிஸ், செருமனி ஆகியவற்றைப் பற்றிய படத்தொகுப்புகள் நூல்களாக வந்துள்ளன. அவற்றில் நகைச்சுவை குறைவு, கட்டடங்கள் மிகுதி. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மகாராட்டிர மாநிலத்தின் ஆங்கிலப் பாடநூல்களுக்கும் படம் வரைந்துள்ளார். அம்மாநில மாணவர் பலர் இவரது பெயரை அறியும் முன்னரே இவரது கோடுகளை அறிந்திருந்தனர். மும்பை கொலாபாவில் உள்ள மொண்டேகர் உணவகத்தின் சுவர்களில் இவரது பெரிய ஓவியங்களை இன்றும் கட்டணமின்றிக் காணலாம். ஒரு தேநீர் வாங்கிக்கொள்வது மரியாதை.

இறுதிக்காலமும் சிறப்புகளும்

1990களில் மாரியோ லோட்டோலிம் வீட்டிற்குத் திரும்பி மனைவியுடன் வாழ்ந்தார். வரைவதை நிறுத்தவில்லை. 2011 டிசம்பர் 11 அன்று, 85 ஆம் அகவையில் அவ்வீட்டிலேயே காலமானார்.

இந்திய அரசு இவருக்கு 1988 இல் பத்மசிறீ, 2002 இல் பத்ம பூசண் விருதுகளை அளித்தது. மறைவுக்குப் பின் 2012 இல் பத்ம விபூசண் அறிவிக்கப்பட்டது. எசுப்பானியாவும் போர்த்துக்கலும் 2009 இல் தம் நாட்டு உயர் விருதுகளை வழங்கின. 2016 மே 2 அன்று, 90 ஆவது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் மாரியோ பாணியிலான மழைக்காலத் தெருக் காட்சியை வெளியிட்டது.

கட்டடக் கலைஞர் ஜெரார்ட் டா குன்யா மாரியோவின் ஆயிரக்கணக்கான படங்களைத் தேடித் திரட்டி, 2008 இல் பெருந்தொகுப்பு நூலாக வெளியிட்டார். படநாட்குறிப்புகள் அச்சேறியதும் அவரது முயற்சியாலேயே ஆகும்.