லயன் காம்பராவில் ஒரு பரீட்சை மண்டபம்

ஊவா மலைச்சாரலில் – 14

தோட்டப் பாடசாலைகள் 1977ஆம் ஆண்டு முதற்கொண்டு அரசாங்கத்தின் பொறுப்பில் வந்த சரித்திரத்தைச் சென்ற வாரம் சொல்லி, அன்றைய கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்குக் கிடைத்தும் அது தேயிலை மலை ஏறிவர முப்பது வருஷங்களுக்கு மேற்பட்ட காலம் பிடித்ததைக் குறிப்பிட்டு நிறுத்தியிருந்தேன். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த வாரத்து விஷயத்தையும் வாசகர்கள் படிக்க வேண்டும். ஏனெனில் இப்போது மலையேறக் காத்திருப்பது சிக்னல்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவின் நிமித்தம் பாடசாலைகள் மூடப்பட்டு, அந்த வருஷத்துச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்கும், 2021இல் நடந்திருக்க வேண்டிய புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரிக்கும் தள்ளிப்போன காலத்தில், பாடத்தைத் தொடர்ந்து பரீட்சையும் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வட்ஸ்அப் குரூப்பில் மாதிரி வினாத்தாள் ஒன்று வந்து விழும்; அல்லது கூகிள் போர்ம் ஒன்றின் இணைப்பு வரும்; நாலு மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடப்படும் என்று ஆசிரியரின் குரல் கூடவே கேட்கும். பதுளை நகரத்தில் அறையும் மேசையும் தனிப் போனும் உள்ள பிள்ளைக்கு இதில் யாதொரு சிரமமும் இல்லை.

அக்காலத்தில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் மகள் ஐந்தாம் தரம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போன் ஒன்று, அதுவும் அண்ணனுடையது, திரையின் குறுக்கே ஒரு வெடிப்பு. தாயார் கடைசி நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர நாலரை மணிக்கு மேலாகும். லயம் பள்ளத்தில் இருந்தபடியால் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். ஒருநாள் நானும் கூடவே ஏறிப் போயிருந்தேன். கோயில் திண்ணையில் கொப்பியை விரித்து வைத்து, வினாத்தாள் இறங்கும்வரை கால்மணி நேரம் காத்திருந்து, திறந்து பார்த்தவள் முகம் வாடி, "சேர், இது இங்கிலீஷ் பேப்பருங்களா?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷுமில்லை, தமிழுமில்லை. நம் நாட்டுத் தமிழாசிரியர்கள் நெடுங்காலமாகப் பழகிவரும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பத்திரம் அது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால், 'அம்மா' என்ற சொல் எம், கே, எச் என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் நடுவில் ஓர் அரைப்புள்ளியாகவும் சிதறிக் கிடக்கும். வீட்டுக்கு இறங்கி வந்து, என் கணினியில் திறந்து அச்சிட்டு, மறுபடி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஐந்து மணி தாண்டி வெகுநேரமாகியிருந்தது. அன்றைய புள்ளிப் பட்டியலில் அவளுக்கு நேரே பூச்சியம். "பூச்சியமாப் போட்டாங்க? புள்ள பேப்பரையே பாக்கலையே சேர்!" என்றாள் அப்பாயி, வெற்றிலையை மெல்வதை நிறுத்தி. கையெழுத்துப் போடத் தெரியாத அந்தக் கிழவியின் கேள்வியில் இருந்த நியாயத்துக்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. யூனிகோட் எழுத்துருவில் தட்டெழுதியிருந்தாலோ, பத்திரத்தைப் பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பியிருந்தாலோ இந்தப் பூச்சியம் நேர்ந்திராது. இதற்கு ரூபா ஒன்றும் செலவில்லை.

இந்த அவஸ்தை தோட்டத்துக்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிடலாகாது. 2021இல் நமது ஊவாவின் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்தில், ஓர் ஆசிரியையும் நாற்பத்தைந்து பிள்ளைகள் வரையிலும் சிறுத்தையும் யானையும் உலவும் காட்டுவழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து மலையுச்சிக்கு ஏறிப் பாடம் நடத்திய செய்தியும், லுணுகலைப் பக்கத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளை வனத்துக்குள் அழைத்துப்போய் முப்பதடி உயரத்து மரக்குடிலில் ஏற்றி இணையத்துக்குக் காவல் இருந்த செய்தியும் உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வெளிவந்தன. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் அதிகம் போனால் நூற்றுக்கு நாற்பது பேரே இணைய வகுப்பில் கலந்துகொள்ள முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென்று வர்த்தமானியில் ஏறிய வருஷமும் அதுவே; அந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கெனத் தனிப் போன் வாங்குவது எளிதல்ல.

கல்வி அதிகாரிகள் பலரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கருவி கிடைத்த பின்னரும் பரீட்சைக்கு ஒரு மண்டபம் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில், தொலைக்காட்சியும் அடுப்புப் புகையும் பக்கத்துக் காம்பராவின் சண்டையும் சேர்ந்திருக்கும் இடத்தில், அந்த மண்டபத்தை யார் கட்டிக் கொடுப்பது? இன்னொரு சங்கடமும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் நகரத்துப் பிள்ளையின் பக்கத்தில் மாமாவும் டியூஷன் மாஸ்டரும் உட்கார்ந்து நாற்பதுக்கு நாற்பதும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவருக்கோ வினாவை வாசிக்கத் தெரியாது. ஆகவே நேர்மையாக எழுதியவள் பின்வரிசைக்குப் போகிறாள். இத்தகைய புள்ளிகளை வைத்து வகுப்பு பிரிப்பதையும் தராதரம் நிர்ணயிப்பதையும் நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

அதற்காகத் திரையே வேண்டாமென்று சொல்லப் புறப்படவில்லை. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். காகிதத்தை நம்பினால் போதும் என்ற வாதமும் அன்றோடு அடிபட்டுப் போயிற்று. பிசா என்னும் சர்வதேச மதிப்பீடு 2015 முதல் பெரும்பாலான நாடுகளில் கணினியில் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான அமெரிக்காவின் சாட் பரீட்சை 2023இல் வெளிநாடுகளிலும் மறு வருஷம் அந்நாட்டிலும் முற்றாகத் திரைக்கு மாறிற்று. அந்தச் சாட் பரீட்சையின் அமைப்பில் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று இருக்கிறது: தொடக்கத்திலும் முடிவிலும் மாத்திரமே இணைப்புத் தேவை, நடுவில் அது அறுந்தாலும் வினாக்கள் கருவியிலேயே இருக்கும், விடைகள் அதிலேயே பதிந்துகொள்ளும், சிக்னல் வந்தபின் அனுப்பிக்கொள்ளலாம். பசறைக்கும் நமுனுகுலைக்கும் ஏற்ற முறை அதுதான். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலினால் நமது மாவட்டத்து மலைகள் சரிந்து, பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அற்றுப்போய், உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டு எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்ததைக் கண்ட பின்னரும், இடையறாத இணைப்பைக் கோரும் ஒரு பரீட்சையை இங்கே கொண்டுவர எவரும் துணிவாராயின், அவர் பதுளைக்கு ரயிலில் வந்து நிலையத்தோடு திரும்பியவராகத்தான் இருப்பார்.

இனிப் பெற்றோருக்கு. மாதிரிப் பரீட்சைகள் திரையில் வருவது நிற்கப் போவதில்லை. கல்வி அமைச்சின் இணையத்தளமான ஈ-தக்சலாவவில் கடந்தகால வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றைச் சிக்னல் நன்றாயிருக்கும் இடத்துக்குப் போகும் நாளில் ஒருமிக்க இறக்கி வைத்துக்கொண்டால், கோயில் மேட்டில் மழையில் நிற்க வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும். புலமைப்பரிசிலின் முதல் வினாத்தாளில் நாற்பது வினாவுக்கு ஒரு மணி நேரம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். தெரியாததை விட்டு மேலே போய்ப் பின்னர் திரும்பி வருவதுதான் இதிலுள்ள வித்தை. கடதாசியில் விட்ட இடம் வெறுமையாய்க் கண்ணில் படும். போனிலோ விரலால் தள்ளியதும் வினா மறைந்துவிடும், படம் ஓரிடத்திலும் அதைப் பற்றிய கேள்வி வேறோரிடத்திலுமாகப் பிரிந்துபோகும். எனவே கொப்பியில் ஒன்று முதல் நாற்பதுவரை இலக்கமிட்டு, விடை எழுதியதற்குச் சரியும் விட்டதற்கு வட்டமும் போடப் பழக்குங்கள். அந்தச் சிறுமிக்கு நான் கற்றுக்கொடுத்ததும் இவ்வளவுதான். அவளுடைய தாயார் செய்தது அதைவிடப் பெரிது: மாலை ஆறிலிருந்து ஏழுவரை தொலைக்காட்சியை நிறுத்தி, போனை மூத்தவனிடமிருந்து வாங்கி வைத்து, அந்த ஒரு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து எவரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாள். "எனக்கு எழுதத் தெரியாதுங்க, ஆனா காவல் இருக்கத் தெரியும்" என்றாள். விடை சொல்லிக் கொடுக்காத அந்தக் காவலைப் போன்ற மேற்பார்வையாளரை நான் முப்பது வருஷ உத்தியோகத்தில் அதிகம் கண்டதில்லை.

பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலை மூடியிருந்தாலும் கணினி அறையை மூட வேண்டியதில்லை. பத்துப் பத்துப் பேராக அழைத்து, ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளை, ஓர் ஆசிரியரின் முன்னிலையில் எழுதவைத்தால், அந்தப் புள்ளிக்கு ஒரு மதிப்பு உண்டு. சிறு தொகையினராகக் கூடுவதற்கு முன்னுதாரணமும் உண்டு: 2021 அக்டோபரில் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது இருநூறு மாணவருக்குக் குறைந்த சிறு பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்கே முதலில் அனுமதி கிடைத்தது. நமது தோட்டத்துச் சிறு பள்ளிக்கூடம் இவ்விதம் முந்திக்கொண்டது அபூர்வமான காட்சி.

கடைசியாக ஒரு காரியம். சாதாரண தரப் பரீட்சை இன்றும் பேனாவினால்தான் எழுதப்படுகிறது என்றாலும், விண்ணப்பமும் பெறுபேறும் திரைவழியே போய்வருகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலைப் பதிவில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் மூன்று விதமாய் இருப்பது தோட்டங்களில் சகஜம். பரீட்சை வருஷம் வரும்வரை காத்திராமல், பிள்ளை ஒன்பதாம் தரத்தில் இருக்கும்போதே, அடையாள அட்டை எடுக்குமுன்னர், முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போகும். போனாலும் போய் வாருங்கள்.

(தொடரும்)