பள்ளி கொடுத்ததும் நாம் எடுத்ததும்



பெருங்களத்தூர் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதுல நம்ம ஜனங்க எங்க இருக்காங்க?" கல்வி அறிவைப் பரப்புகிறது என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். யாருடைய அறிவை, யார் விதித்த அளவில் என்பதுதான் அவள் கேள்வி. அதற்கான பதில் சென்னை வரலாற்றிலேயே இருக்கிறது.

1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அடையாறு ஊரூரில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூரிலும் பள்ளிகள் வந்தன. நம் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்க மறுத்த காலத்தில் அந்தக் கதவு திறந்தது சிறிய காரியமல்ல. ஆனால் அங்கே வகுத்த படிப்பு குறைவு: தமிழ் எழுத்து, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், கைவேலை. நல்ல வேலைக்காரர்களாக வாழ அது போதும் என்று நினைத்தார்கள்.

அந்த அளவை நம்மவர்கள் ஏற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வெறுங்கையோடு ஆல்காட்டிடம் போனவர் அல்லர். அவர் சித்த மருத்துவர், தமிழ்ப் புலமை மிக்கவர். திருக்குறள் சுவடி ஆங்கில அதிகாரி எல்லீசுக்குக் கிடைத்தது தம் பாட்டனார் கந்தப்பனால் என்று எழுதியவர். 1898இல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். பழைய இலக்கியங்களுக்கும் தீபாவளி போன்ற பண்டிகைகளுக்கும் அதில் பௌத்த விளக்கம் எழுதினார். இழிவு நம் பிறப்பில் இல்லை, பௌத்தர்களாக இருந்ததற்காகச் சுமத்தப்பட்டது என்று வாதிட்டார். கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடமும் இதழ் சென்றது. அங்கும் பௌத்த சங்கம் எழுந்தது.

அவர் சொன்ன வரலாறு முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை, விவாதிக்கலாம். அவர் காட்டிய வழியே முக்கியம். வீட்டில் இருந்த அறிவும், பௌத்தமும், அச்சு இயந்திரமும் அவர் கையில் சேர்ந்தபோது மூன்றுமே புது வடிவம் பெற்றன. படித்தவர் தம் கேள்வியோடு படித்தால்தான் அறிவு மாறும். இல்லையென்றால் அடுத்தவர் பண்பாடு நம் வாயில் ஒப்பிக்கப்படும், அவ்வளவே.

ஆகவே மாணவர்களே, பாடநூலைத் தேர்ச்சி பெறும்வரை படியுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். கூடவே உங்கள் பாட்டிக்குத் தெரிந்த மருந்தை, தாத்தா பார்த்த வேலையை, தெருவின் போராட்டத்தைத் தேதியோடு எழுதுங்கள். அந்த மாணவிக்கும் அன்று இதையே சொன்னேன். ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கியிருக்கிறாள்.