பூநாரையும் ஆயிரம் ரூபாயும்

காசோலை, கடன், கொள்வனவு என்று எழுதி வரும் இந்தப் பத்தியில் இவ்வாரம் பறவை வந்து நிற்கிறதே என்று வாசக நண்பர்கள் யோசிக்கலாம். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் நட்டம் வைத்தவன் நான்தான்.

புத்தளத்தில் எனக்கு ஹாட்வெயார் கடை. மாதம் இரு தடவை நிலுவை வசூலிக்க மதவாச்சி வழியாக மன்னாருக்குப் போவேன். தீவுக்குள் நுழையும் தாம்போதியின் இரு மருங்கிலும் ஆழமில்லாத உவர்நீர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த நீரில் பூநாரைகள் நிற்கும். நாலடிக்கும் மேல் உயரம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிறு உயிரினங்களையும் பாசியையும் அரித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவில் இருந்து வருவதுதான். தாம்போதியை அண்டிய வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகி, 2010இல் றம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பறவை பார்க்கவென்றே கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. 2019இல் ஒரு கெமராவும், பாவித்த 150-600 லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். விலையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை. லென்ஸ் முழுதாக நீண்டும் பறவைகள் புள்ளியாகவே தெரிந்தன. ஓட்டோக்காரத் தம்பி என் அவசரத்தைக் கண்டுகொண்டான். "நானா, பறக்கிற படம் வேணுமா? ஆயிரம் தாங்க, எழுப்பி விடுறேன்" என்றான். நானும் பேரம் கூடப் பேசாமல் கொடுத்தேன். அவன் சேற்றில் இறங்கிக் கை தட்டிக் கூச்சல் போட்டான். பூநாரை பாரமான பறவை, நின்ற இடத்தில் இருந்து சட்டென்று மேலே போக முடியாது. தண்ணீரில் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். நூற்றுக்கணக்கானவை ஓடின, எழும்பின, உப்பளப் பக்கமாகப் போய் மறைந்தன.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த மகன், "வாப்பா, எல்லாம் பின்பக்கம்தானே" என்றான். மனிதனுக்குப் பயந்து ஓடும் பறவை அவனுக்கு முகத்தையா காட்டும்?

படம் போனது சின்ன விசயம். நூறு யார் தள்ளி ஒரு வேன் நின்றதை நான் கவனிக்கவில்லை. அதற்குள் கொழும்பில் இருந்து வந்த வயதான ஒருவர், விடியுமுன்பே இஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அசையாமல் காத்திருந்திருக்கிறார். இறங்கி வந்து, "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "இன்னும் இரண்டு இரவு தங்க இருந்தேன். பறவை போய்விட்டது, இனி யாழ்ப்பாணம் போகிறேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. இரண்டு இரவு அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, உள்ளூர் வழிகாட்டியின் கூலி. ஓட்டோக்காரனுக்கு ஆயிரம் வந்தது, ஊருக்கு அதைப் போலப் பல மடங்கு போனது. அந்த லொட்ஜ்காரர் என்னிடம் பெயின்ற் வாங்குபவர். நிலுவையும் வைத்திருந்தார்.

வண்டிக்குள் இருந்து எடுக்கும் வித்தையை அந்தப் பெரியவர்தான் போகுமுன் சொல்லித் தந்தார். நடந்து வரும் மனிதனைக் கண்டால் விலகும் பறவை, நிற்கும் வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. சூரியன் முதுகுப்புறம் இருக்க வேண்டும். கண்ணாடி விளிம்பில் ஒரு பை அரிசியை வைத்து லென்ஸை அதில் சாய்த்தால் கை நடுக்கம் தெரியாது. உடல் வெள்ளையாக இருப்பதால் ஒளியைச் சற்றுக் குறைக்காவிட்டால் இறகின் வரிகள் சுண்ணாம்பு பூசியது போல அழிந்துவிடும். வெயில் ஏறினால் நீரின் மேல் கானல் ஆடும். அதன்பின் எந்த விலை லென்ஸாலும் பயனில்லை. பெரிய பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், ஆகவே காற்று வரும் பக்கம் நின்றால் தானாகப் பறக்கும்போது நம்மை நோக்கி வரும். மேய்ந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

பறவை எங்கே போய்விடும் என்று கேட்பவர்கள் பூந்தலையை விசாரிக்க வேண்டும். 1990இல் இலங்கையின் முதலாவது றம்சார் ஈரநிலமானது அதுதான். ஒரு காலம் அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. வயல்களில் இருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் கலந்து உவர்த்தன்மை குறைய, இரையும் குறைந்து, கூட்டம் வருவது நின்றுபோனது. அங்கே காரணம் நீர்ப்பாசனம், கை தட்டல் இல்லைதான். ஆனால் இரை தின்ன வந்த பறவையை நாளுக்கு நாலு தரம் ஓட வைத்தால், அது திரும்பிப் போகச் சேர்க்கும் கொழுப்பு அந்த ஓட்டத்திலேயே கரைகிறது. இப்போது ட்ரோனும் வந்துவிட்டது.

அடுத்த பயணத்தில் லொட்ஜ்காரரிடம் விசயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு என்ன நானா, நீங்கள்தானே எழுப்பச் சொன்னது" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவரே அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார்.

அந்தத் தம்பி இப்போது விடியற்காலை ஆறு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒன்பது மணி வரை சும்மா இருப்பதற்கு 3500 ரூபாய் கேட்கிறான். ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் அவனுடைய செலவு. கடைசியாகப் போனபோது 3000க்குக் கேட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. 3500ஐயே கொடுத்தேன்.